கம்பர் காட்டும் உடன்பிறப்பும் நாட்டன்பும்

நம் பள்ளிகளில் விழாக்களுக்குக் குறைவில்லை. விடுதலை நாளாயினும் ஆசிரியர் நாளாயினும் பேச்சுப் போட்டியாயினும், மேடையில் இரண்டு சொற்கள் தவறாமல் ஒலிக்கும். ஒன்று உடன்பிறப்பு, மற்றொன்று நாட்டுப்பற்று. ‘நாம் எல்லாரும் உடன்பிறந்தோர்; இந்நாடு நம் தாய்’ என்று மாணவன் முழங்கி அமர்கின்றான். அவையோர் கைதட்டுகின்றனர். பயிற்றுவித்த ஆசிரியரும் மனம் மகிழ்கின்றார். மகிழத் தக்கதே.

ஆயினும் கைதட்டல் ஓய்ந்தபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. உடன்பிறவாத ஒருவனை ‘உடன்பிறந்தான்’ என்று சொல்லுங்கால், சொல்லுகின்றவன் அவனுக்கு எதனைக் கொடுக்கின்றான்? ஒன்றும் கொடாமல் சொன்னால் அச்சொல் வெறும் ஓசைதானே? அவ்வாறே, ‘என் நாடு’ என்று சொல்லுகின்றவன் அந்நாட்டிற்கு எதனைச் செய்யக் கடமைப்படுகின்றான்?

இவ்விரு கேள்விகளையும் ஒருசேர எடுத்துக்கொண்டு விடை காட்டிய புலவர் கம்பர். இராமகாதையை உடன்பிறப்பின் காவியம் என்று பலரும் போற்றியுள்ளனர். அண்ணன் காட்டிற்குச் செல்லத் தம்பி பின்தொடர்ந்ததும், மற்றொரு தம்பி அரசை வேண்டாது திருவடி நிலைகளை அரியணையில் வைத்ததும் நாடறிந்த செய்திகள். அவை ஒரு மனையிற் பிறந்தாரிடை நிகழ்ந்தவை. அக்காவியத்தின் தனிச்சிறப்பு, ஒருமனையிற் பிறவாதாரை அது எவ்வாறு உடன்பிறந்தார் ஆக்குகின்றது என்பதில்தான் இருக்கின்றது என்பது என் கருத்து. அதனைச் சிறிது ஆராய்வோம்.

கங்கைக் கரையில்

அயோத்தியா காண்டத்துக் குகப் படலத்தில் குகன் வருகின்றான். அவன் வேடர் தலைவன், ஆயிரம் ஓடங்களுக்கு உரியவன், சிருங்கிபேரத்தில் வாழ்பவன். இராமனைக் காணத் தேனும் மீனும் கொண்டு வருகின்றான். அருகிலிருப்போர் முனிவர்கள். தவக்கோலத்தில் இருக்கும் இராமனுக்கு இவை ஏற்ற உணவல்ல. ஆயினும் இராமன் அவற்றைப் புறக்கணிக்கவில்லை. அன்போடு கொணர்ந்தவை ஆதலின் தூயவை என்றும், தான் உண்டதற்கு ஒப்பாகும் என்றும் சொல்லி ஏற்றுக்கொள்கின்றான். வந்தவனுடைய வழக்கத்தை இழித்துரையாமலும் தன்னுடைய நோன்பைக் கைவிடாமலும் இருவர் ஓரிடத்தில் அமரலாம் என்பதற்கு இதனினும் நல்ல காட்சி வேண்டுவதில்லை. பல சமயத்தார் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் நம் நாட்டில், பெருநாள் விருந்துகளில் நாம் நாளும் காண்பது இப்பண்பையே அன்றோ?

பின்னர்ப் பிரியும் வேளை வருகின்றது. குகனும் உடன்வர விழைகின்றான். அப்போது இராமன் கூறும் விடையில், இதுவரை நால்வராக இருந்தோம், உன்னைக் கண்டபின் ஐவரானோம் என்னும் கருத்து அமைந்துள்ளது. மேடைப் பேச்சாளர் எடுத்தாளுவது இதனையே. நானும் பல்லாண்டு அதனை மட்டுமே எடுத்துச் சொல்லி வந்தேன். ஆனால் அதனைச் சூழ்ந்திருக்கும் மற்றைச் சொற்களையும் சேர்த்துப் படித்தாலன்றி அதன் பொருள் முழுமையாகாது.

இராமன் குகனிடம் ‘நீ என் தம்பி’ என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. இலக்குவனைச் சுட்டி, இவன் உன் தம்பி என்கின்றான். சீதையைச் சுட்டி, இவள் உன் உறவு என்கின்றான். கடல் சூழ்ந்த நிலமெல்லாம் உன்னுடையது என்கின்றான். அயோத்தியில் இருக்கும் பரதனைப் பற்றிப் பேசும்போதும் ‘என் தம்பி’ என்னாது ‘உன் தம்பி’ என்றே குறிக்கின்றான்.

இங்கேதான் கம்பருடைய நுட்பம் உள்ளது. ‘நீ எனக்கு உறவு’ என்பது ஒருவகைச் சொல். அதில் சொல்பவன் நடுவில் நிற்கின்றான். கேட்பவன் அவனைச் சார்ந்து நிற்கின்றான். ‘என்னுடையார் எல்லாரும் உன்னுடையார்’ என்பது வேறுவகைச் சொல். அதில் கேட்பவன் நடுவில் வந்து விடுகின்றான். தம்பியும் உறவும் நிலமும் அவனுக்கு உரிமை ஆகின்றன. ‘என்’ என்பதை ‘உன்’ என மாற்றும் ஓர் எழுத்து மாற்றத்தில் கம்பர் உடன்பிறப்பின் இலக்கணத்தையே அடக்கிவிட்டார். உடன்பிறப்பு என்பது அன்பு பாராட்டுவது மட்டுமன்று. தன் உரிமையில் பங்கு கொடுப்பது.

சொன்னவன் நீங்கிய பின்

ஒருவன் உணர்ச்சி மிகுதியால் சொன்ன சொல்லை அவன் வீட்டார் ஏற்றனரா என்பது அடுத்த கேள்வி. வீட்டுத் தலைவர் ஒருவரைத் ‘தம்பி’ என்று அழைத்து வந்தாலும், வீட்டிலுள்ளோர் அவரைத் திண்ணையிலேயே இருத்திவிடுவதை நாம் கண்டதில்லையா? கம்பர் இச்சோதனையையும் வைக்கின்றார்.

பரதன் பெரும்படையுடன் கங்கையின் வடகரைக்கு வருகின்றான். தென்கரையில் நிற்கும் குகன், இராமன்மேற் போர் தொடுக்க வந்தான் இவன் என்று சினந்து, ஓடங்களைச் செலுத்தவேண்டா என ஆணையிட்டுப் போருக்கு எழுகின்றான். பின்னர்ப் பரதனுடைய மரவுரியையும் ஒளி மழுங்கிய முகத்தையும் காண்கின்றான். கையிலிருந்த வில் நழுவி விழுகின்றது. இராமனுக்குப் பின் பிறந்தவர் பிழை செய்வரோ என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டு, தனியே ஓடம் ஏறி எதிர்செல்கின்றான். தான் கொண்ட கருத்துப் பிழை என்று கண்ட கணமே அதனைக் கைவிடும் வீரம், வில்லெடுக்கும் வீரத்தினும் பெரிது.

கோசலை அவனைக் கண்டு, இவன் யார் என வினவுகின்றாள். பரதன் தரும் விடை வியப்பிற்குரியது. இராமனுக்கு இனிய துணைவன் என்று சொன்னதோடு அமையாது, இலக்குவனுக்கும் சத்துருக்கனுக்கும் எனக்கும் மூத்தவன் என்று சொல்லுகின்றான். இராமன் குகனுக்கு அளித்த இடம் எதுவோ அதே இடத்தைப் பரதனும் அளிக்கின்றான். இராமன் அதனைச் சொன்னபோது பரதன் அங்கில்லை. குகன் அவ்வுரிமையைக் கேட்டுப் பெற்றதாகவும் பாட்டில் இல்லை. அரசைத் துறந்தவன் அண்ணன் என்னும் பெயரையும் மனமுவந்து பகிர்ந்து கொடுக்கின்றான்.

கோசலையோ அதற்கும் ஒருபடி மேலே செல்கின்றாள். மகனைக் காட்டிற்கு அனுப்பி வாடுகின்ற தாய் அவள். வீரர் நாடு நீங்கியதும் நன்மையாகவே முடிந்தது என்றும், இவனோடு சேர்ந்து ஐவரும் ஒருவராய் நின்று நெடுங்காலம் நிலத்தைக் காக்க என்றும் வாழ்த்துகின்றாள். ஐவர் என்னும் எண் மகன் வாயிலும் தாய் வாயிலும் ஒருங்கே வருவது தற்செயலன்று. அன்றியும், தாயின் வாழ்த்தில் அவ்வெண் நாடு காத்தலோடு இணைக்கப்படுகின்றது. உடன்பிறப்பும் நாட்டன்பும் கம்பர் உள்ளத்தில் இருவேறு பொருள்கள் அல்ல.

‘ஏன் உடன் அழைத்துச் செல்லவில்லை?’

ஒருமுறை ஆறாம் ஆண்டு வகுப்பில் இக்கதையைச் சொல்லி முடித்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, தம்பி என்று சொல்லிவிட்டு ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை?” என்று கேட்டாள். அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. காட்டில் துன்பம் மிகுதி என்று ஏதோ சொல்லி அமைந்தேன். அவளுடைய கேள்வியே என்னை மீண்டும் அப்பாடல்களிடம் அனுப்பியது.

உயர்ந்த குடியினன் ஒருவன், எளிய குடியினனை இன்சொல்லால் நிறுத்திவிட்டுச் சென்றான் என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உண்டு. கம்பர் தரும் காரணம் வேறு. உன் சுற்றத்தார் என் சுற்றத்தார் அல்லரோ, அவர்கள் துயருறலாமோ என்று இராமன் வினவுகின்றான். அங்குள்ள சுற்றத்தைக் காக்க உன் தம்பி பரதன் இருக்கின்றான். இங்குள்ள சுற்றத்தைக் காக்க யார் இருக்கின்றார், நீயே சொல் என்கின்றான்.

இந்த விடையை நிறுத்துப் பார்க்க வேண்டும். கோசல நாட்டின் தலைநகர் ஒரு தட்டில். கங்கைக் கரையிலுள்ள வேடர் குடியிருப்பு மறு தட்டில். இரண்டிற்கும் காவல் வேண்டும். அதற்குப் பரதன், இதற்குக் குகன். பரதன் செய்யும் பணியும் குகன் செய்யும் பணியும் ஒரே பணி என்பது கருத்து. குகனைத் தங்கச் சொன்னது அவனை விலக்குவதற்கு அன்று. அவனுக்கும் ஒரு நாடு உண்டென்று ஒப்புக்கொள்வதற்கு. நாட்டன்பு என்பது நின்ற இடத்தில் உள்ள மக்களைக் காத்தல் என்னும் தெளிவு இங்குப் பிறக்கின்றது. இன்று அம்மாணவி கேட்டால் நான் சொல்லும் விடை இதுவே.

எழுவர் ஆன கதை

கிட்கிந்தையில் சுக்கிரீவனோடு நட்புக் கொள்ளுமிடத்தும், உன் சுற்றம் என் சுற்றம், என் சுற்றம் உன் சுற்றம் என்னும் கொடுக்கல் வாங்கல் நிகழ்கின்றது. ஆனால் அங்கு உடன்பிறப்பின் மறுபக்கமும் உண்டு. வாலியும் சுக்கிரீவனும் ஒருவயிற்றிற் பிறந்தும் பகைவரானவர்கள். பிறப்பு மட்டும் உடன்பிறப்பை ஆக்கிவிடாது என்பதற்கு அவர்களே சான்று. ஆயினும் உயிர் நீங்கும் வேளையில் வாலி இராமனிடம் வேண்டுவது ஒன்று உண்டு. அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் என் தம்பியை இகழ்வாராயின் அதனைத் தடுக்க வேண்டும் என்பதே அது. வாழ்ந்தபோது தம்பியை அடித்துத் துரத்தியவன் சாகும்போது அவன் பெயரைக் காக்கின்றான்.

அடுத்து வீடணன். யுத்த காண்டத்தில் அவன் அடைக்கலம் புகுகின்றான். ஏற்கலாமா கூடாதா என்று அவையில் கருத்து வேற்றுமை எழுகின்றது. இறுதியில் இராமன் ஏற்றுக்கொண்டு, குகனோடு ஐவர், சுக்கிரீவனோடு அறுவர், உன்னோடு எழுவர் என எண்ணிச் சொல்லுகின்றான். அதனோடு, என்னைக் காட்டிற்கு அனுப்பியதனால் உன் தந்தை புதல்வர்களால் நிறைவு பெற்றான் என்னும் பொருள்படப் பேசுகின்றான். தயரதனை ‘என் தந்தை’ என்னாமல் ‘உன் தந்தை’ என்று அரக்கர் குலத்தில் வந்தவனிடம் சொல்லுகின்றான்! கங்கைக் கரையில் தொடங்கிய அதே ‘உன்’ கடற்கரையிலும் தொடர்கின்றது. அங்குத் தம்பியைக் கொடுத்தான். இங்குத் தந்தையையே கொடுக்கின்றான்.

யார் நாட்டன்பர்?

இனி நம் பட்டிமன்றங்களில் ஓயாது பேசப்படும் பொருளுக்கு வருவோம். சிறந்தவன் கும்பகருணனா வீடணனா? அண்ணனையும் நாட்டையும் விட்டகன்ற வீடணனைக் காட்டிக்கொடுத்தவன் என்பர் ஒருசாரார். தீமை என்றறிந்தும் உடன்நின்ற கும்பகருணனை அறம் பிழைத்தவன் என்பர் மறுசாரார். நடுவர் ஒருபக்கம் சாய்வார், கூட்டம் கலையும்.

இப்பிரிவினையைக் கம்பர் ஏற்கமாட்டார் என்று நான் துணிகின்றேன். கும்பகருணன் கண்மூடி உடன்நின்றவன் அல்லன். மந்திர அவையில் அண்ணன் செய்தது பழி என்று நேரே சொல்லுகின்றான். உறக்கத்தினின்று எழுப்பப்பட்டபோதும், சீதையின் துயர் இன்னும் தீரவில்லையா என்றே வினவி, அவளை விட்டுவிடுமாறு வேண்டுகின்றான். கேளாத அண்ணன் சுடுசொல் வீசியபோது, தான் செய்த பிழை ஏதேனும் உண்டாயின் பொறுக்க எனச் சொல்லி விடைபெற்றுச் சாகச் செல்கின்றான். அரசனிடம் உண்மை உரைத்தல் வேறு, அவனைக் கைவிடுதல் வேறு என்று கருதியவன் அவன்.

வீடணனும் இலங்கையை வெறுத்தவன் அல்லன். அவனும் முதலில் அறிவுரை கூறினான், இகழப்பட்டு நீங்கினான். போர்க்களத்தில் கும்பகருணனைச் சந்தித்தபோது, தனக்கு அளிக்கப்பெற்ற இலங்கை அரசை அவனுக்கே தருவதாகவும், தான் அவன் ஏவல் கேட்டு நிற்பதாகவும் சொல்லி அழைக்கின்றான். அரசுக்காகப் பிரிந்தவன் இவ்வாறு சொல்வானா? நாடு எரிந்தொழியாமல் எஞ்சவேண்டும் என்பதே அவன் கவலை.

கும்பகருணன் வர மறுக்கின்றான். ஆனால் தம்பியை இகழவில்லை. மார்புறத் தழுவிக் கண்ணீரோடு திருப்பி அனுப்புகின்றான். பின்னர்க் களத்தில் வீழ்ந்து உயிர் நீங்கும் வேளையில் பகைவனாகிய இராமனிடமே ஒரு வரம் வேண்டுகின்றான். உன்னை அடைந்த என் தம்பியை இராவணன் கண்டால் கொல்வான். அவனைப் பிரியாது காத்தருள்க என்பது அவ்வேண்டுகோள். ஒரு முகாமில் நின்று மறுமுகாமிலுள்ள தம்பிக்காக இரக்கின்ற இக்காட்சியைப் படித்த பின்னும், இவ்விருவருள் துரோகி யார் என்று கேட்க மனம் வருமா? நாட்டின் நன்மையை இருவரும் விரும்பினர். ஒருவன் உள்ளிருந்து இடித்துரைத்து மாண்டான். ஒருவன் வெளியே சென்று எஞ்சியதைக் காத்தான். உடன்பிறப்பு இருவரிடத்தும் மாளவில்லை.

குறையும் கூறவேண்டும்

கம்பரைப் போற்றுமிடத்து மறுப்பாரையும் மறத்தல் ஆகாது. 1943-ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நிகழ்த்திய சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாக வந்தன. அரக்கர் என்றும் குரங்கினர் என்றும் ஒரு சாராரைக் குறித்த காவியம் தமிழர்க்கு ஏற்குமா என்னும் கேள்வி அக்காலத்தில் வலுவாக எழுந்தது. மலாயாத் தமிழரிடையேயும் அதன் எதிரொலி கேட்டது. அக்கேள்வியைச் சினம் கொள்ளாமல் கேட்டல் நலம்.

இங்கு எடுத்துக்கொண்ட பொருளிலும் ஒரு குறை தோன்றாமலில்லை. ஐவரும் ஒருவராய் நிலம் காக்க எனக் கோசலை வாழ்த்தினாள். ஆனால் அரியணைக்கு அருகில் குகனுக்கு ஆளும் பங்கு ஏதும் வந்ததாகக் காவியம் காட்டவில்லை. அவன் இறுதிவரை அன்பனாகவும் ஏவல் செய்வானாகவுமே நிற்கின்றான். உரிமையைச் சொல்லில் கொடுப்பதற்கும் வாழ்வில் கொடுப்பதற்கும் இடையே ஓர் ஆறு ஓடுகின்றது. அதனைக் கடப்பதற்குரிய ஓடத்தைக் கம்பர் செய்து வைத்தார். செலுத்துதல் பின்வந்தோர் கடமை.

நம் நாட்டில்

இப்பாடம் நமக்குத் தொலைவானதன்று. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் பலர்க்கு அந்நாளிலும் கால் ஊன்ற ஓர் அடி நிலம் சொந்தமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் குடியிருப்பும் ஒருங்கே பறிபோயின. அவ்வேளையில் 1960-ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய கைகள் சிறுதொகை சேர்த்துத் தோட்டங்களை வாங்கின. ‘இந்நிலம் உன்னுடையது’ என்னும் சொல்லுக்குப் பத்திரம் எழுதிய செயல் அது. குகனுக்குக் கிடைக்காதது அவர்களுக்கு ஓரளவு கிடைத்தது. யாரும் கொடுத்ததனால் அன்று, தமக்குள் உடன்பிறந்தார் ஆனமையால்.

1969-ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச் சீட்டு வேண்டும் என்னும் விதி வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்பினர். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த அண்ணன் கப்பலேறினான். நீல அடையாளக் கார்டு பெற்ற தம்பி லயத்தில் தங்கினான். அவ்விருவருள் யார் நாட்டன்பர், யார் உறவை விட்டவர் என்று பட்டிமன்றம் வைக்க நம்மில் யாரும் துணியோம். கும்பகருணனையும் வீடணனையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். பிரிந்து நின்றோர் இருவரும் பிரியாத ஒன்றைச் சுமந்து நின்றனர்.

1970-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற ருக்குன் நெகாராவை நம் மாணவர் வாய்பாடாக ஒப்பிக்கின்றனர். ஒப்பித்தல் தவறன்று. ஆனால் தமிழாசிரியராகிய நாம் அதற்குப் பொருள் ஊட்டக் கடமைப்பட்டவர்கள். ‘எல்லாரும் உடன்பிறந்தோர்’ என்று பேச்சு எழுதிவரும் மாணவனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். ‘உன்னுடையது எதனை அவனுடையது என்பாய்? நீ நிற்கின்ற இடத்தில் யாரைக் காப்பாய்?’ மதிய உணவில் பாதியை அடுத்த நாற்காலித் தோழனுக்குத் தள்ளி வைக்கும் பிள்ளைக்கு இக்கேள்விகள் கடினமானவை அல்ல. அப்பிள்ளை மேடையேறிப் பேசுங்கால் சொற்கள் குறைந்திருக்கலாம், உண்மை கூடியிருக்கும்.

கம்பர் ‘என்’ என்பதை ‘உன்’ என்று மாற்றினார். அம்மாற்றத்தை நம் வகுப்பறைகளில் நாளும் ஒருமுறை நிகழ்த்துவோமாக.